நிபந்தனைப்படி சாத்திய கதவு

பெங்களூர்த் தண்டில், அதாவது பட்டாளம் இருந்த பகுதியில், ஒரு பிராந்திக் கடை லைசென்ஸ் என் பெயரில் இருந்தது. அந்தக் கடைக்குள் நான் நிற்கக் கூடாது என்பது லைசென்ஸின் நிபந்தனைகளில் ஒன்று. இதைச் சொன்னால் நான் வேடிக்கைக்குச் சொல்வதாக இப்போதுள்ளவர்கள் நினைக்கிறார்கள். நான் எதையும் வேடிக்கைக்குச் சொல்வதில்லை. பெண்பிள்ளைகளை விற்பனை வேலைக்கு வைக்கக் கூடாது, கடை நேரத்தில் பெண்பிள்ளை எவளும் உள்ளே இருக்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. லைசென்ஸ்தாரரே பெண்பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் அச்சடிக்கவில்லை.

நிபந்தனைகள் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். அவற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடைக்கு வருகிற எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டவேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எந்தப் பாஷையிலும் படிக்கத் தெரியாது. மீதிப் பேர் படிப்பதற்காக வந்தவர்கள் இல்லை. நிதானம் தவறியவனுக்கு விற்கக் கூடாது என்று இருந்தது. நிதானமாக வந்து நிதானமாகப் போகிறவனை மட்டும் வைத்துப் பிராந்திக் கடை நடத்த முடியாது என்பது அதை எழுதிய துரைக்குத் தெரியாமலா இருந்திருக்கும். சோல்ஜருக்கு விற்கக் கூடாது, சீட்டாட விடக் கூடாது, பாட விடக் கூடாது. எங்கள் கடைக்கு வந்தவர்கள் துரைமார் வீட்டு பட்லர்கள், சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள், தையல்காரர்கள். அவர்களில் பாடத் தெரிந்தவர்கள் குறைவு, பாடாதவர்கள் அதைவிடக் குறைவு.

கடைக்கு ஒரே கதவுதான் இருக்கவேண்டும், அது வீதியைப் பார்த்து இருக்கவேண்டும், கடைக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் நடுவில் வழி இருக்கக் கூடாது. இதுதான் எங்கள் வாழ்க்கையை முடிவு செய்த நிபந்தனை. எங்கள் கட்டடத்தில் முன்னறை கடை. பின்னால் இரண்டு அறையும் சமையல்கட்டும் வீடு. முதல் லைசென்ஸ் வாங்கியபோதே என் வீட்டுக்காரர் நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, பக்கத்துச் சந்தில் வீட்டுக்கு ஒரு வழி வைத்தார். நான் கல்யாணமாகி வந்தபோது புதுப்பெண்ணை வீதி வாசல் வழியாக அழைத்து வரவேண்டும் என்று மாமியார் ஆசைப்பட்டார். அந்த வாசல் சர்க்காருடையது என்று சொல்லி என்னைச் சந்து வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். சந்தில் யாரோ பாத்திரம் கழுவிய தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புகுந்த வீட்டுக்குள் புகுந்தேன்.

என் வீட்டுக்காரர் விஷக்காய்ச்சலில் போனார். கடைச் சரக்கை ஒரு சொட்டுத் தொட்டவர் இல்லை, அப்படியும் போய்விட்டார். பெரிய பெண் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். சின்னவள் இடுப்பில் இருந்தாள். அன்றிருந்த கலெக்டர் துரை லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார், வருஷக் கடைசியில் புதுப்பித்தும் கொடுத்தார். என் வீட்டுக்காரரின் தம்பிக்கு, அதாவது என் கொழுந்தனுக்கு, இது பிடிக்கவில்லை. மார்க்கெட் பக்கத்தில் அவருக்குச் சொந்தக் கட்டடம் உண்டு, மாதா கோயில் சபையில் பெரிய ஆள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பிராந்திக் கடை எதற்கு என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். பிராந்திக் கடையே எதற்கு என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

நான் கடை நடத்திய விதம் இது. காலையில் திறப்பதற்கு முன்னால், சந்து வழியாக வெளியே வந்து வீதியைச் சுற்றிக்கொண்டு போய் என் கடையை என் சாவியால் திறப்பேன். பாட்டில்களைத் துடைத்து அடுக்குவேன். விற்பதற்கு ஆர்க்காட்டுப் பக்கத்து ஆள் ஒருவரை வைத்திருந்தேன். அவர் வந்ததும் முந்தின நாளுக்காக அவரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அதற்குப் பிறகு எல்லாம் சுவர் வழியாகத்தான். செங்கல் வைத்து அடைத்த இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் குரல் ஏறினால் உலக்கையால் சுவரை இரண்டு இடி இடிப்பேன், அடங்கிவிடும். சுவரை இடிப்பதைப் பற்றி நிபந்தனை எதுவும் இல்லை.

குடிக்கடைகளைக் கண்காணிக்கும் இலாகாவுக்கு அப்போது அப்காரி இலாகா என்று பெயர். அதன் இன்ஸ்பெக்டர் முன்னறிவிப்பு இல்லாமல் சோதனைக்கு வருவார். அவருடைய குடை வீதி முனையில் தெரிந்ததும் வெற்றிலைக் கடைக்காரரிலிருந்து வண்ணான் வரை எல்லாரும் வந்து சொல்லிவிடுவார்கள். அவர் கன்னடக்காரர், வெங்காயம்கூடச் சாப்பிடாதவர். பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்கவேண்டி வந்தால் வீட்டுக்குப் போனதும் குளித்துவிடுவாராம். லஞ்சம் வாங்கமாட்டார், அதனால் அவரோடு பழகுவது கஷ்டமாக இருந்தது. சோதனை முடிந்ததும் லைசென்ஸ்தாரரிடம் நேரில் பேசவேண்டும் என்பது அவருக்கு விதி, லைசென்ஸ்தாரர் கடைக்குள் வரக் கூடாது என்பது எனக்கு விதி. ஆகவே அவர் சந்துக்கு வந்து, என் சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்று அரசாங்கக் காரியம் பேசுவார். நான் குழம்பைக் கிளறிக்கொண்டே பதில் சொல்வேன்.

இப்போது மாதா சப்பரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீதி மாதா கோயிலுக்குப் போகிற வீதி. திருவிழாக் கடைசி நாள் சாயங்காலம் மாதாவைச் சப்பரத்தில் வைத்துத் தோளில் சுமந்து ஊர்வலம் வருவார்கள். எந்த வாசலில் கதவு திறந்து மெழுகுவத்தி எரிகிறதோ அங்கே முன்கொம்பு சுமக்கிறவர் கையிலுள்ள கோலால் தரையில் தட்டுவார், சப்பரம் நிற்கும். வீட்டார் மாலை போடுவார்கள். ஒரு பிரியதத்த மந்திரம், அதாவது ‘அருள் நிறைந்த மரியே’, சொல்லி முடித்ததும் மறுபடி கோல் தட்டும், சப்பரம் நகரும். கதவு சாத்திய வீட்டில் நிற்காது. கோயிலோடு பகைத்துக்கொண்டவர்களும் கோயில் தள்ளிவைத்தவர்களும்தான் அன்றைக்குக் கதவைச் சாத்துவார்கள். அப்படி ஒரு கதவு சாத்தியிருந்தால் வருஷம் முழுவதும் குழாயடியில் அதுதான் பேச்சு. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அந்த வாசலில் மாதா நிற்பாளா என்று விசாரித்துவிட்டுத்தான் படியேறுவார்கள்.

என் வீட்டுக்காரர் காலத்தில் சப்பரம் வருகிற நேரத்துக்கு வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கடைக் கதவைத் திறந்துவைத்து மெழுகுவத்தியோடு நிற்போம். வீதியைப் பார்த்த வாசல் எங்களுக்கு அது ஒன்றுதான். சந்துக்குள் சப்பரம் நுழையாது. மாதா நிற்பாள். பூசையில் பிராந்திக் கடைக்காரி பக்கத்தில் உட்காருவதற்கு யோசிக்கிற பெண்கள் இருந்தார்கள், மாதா யோசித்ததில்லை. அது எனக்குப் பெரிய விஷயம். வருஷம் முழுவதும் தலை குனிந்து நடந்தவள் அந்த ஒரு மந்திர நேரம் நிமிர்ந்து நிற்பேன்.

ஒரு வருஷத் திருவிழாவில், வேறொரு கடையிலிருந்து வந்த இரண்டு சோல்ஜர்கள் பாட்டிலும் கையுமாகச் சப்பரத்துக்கு முன்னால் நடனம் ஆடிக்கொண்டு போனார்கள். அடுத்த திருவிழாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. கோயில் மணி அடித்தது முதல் சப்பரம் திரும்புகிற வரை, ஊர்வலம் போகிற வீதிகளில் குடிக்கடைகளின் கதவுகள் சாத்தியிருக்கவேண்டும், உள்ளே யாரும் இருக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு வெளியே நின்று இதைச் சொன்னார்.

“யாபாரம் பண்ணமாட்டேங்க. மாதா வர்ற நேரத்துக்குக் கதவ மட்டும் தொறந்து வெச்சுக்கறேன்” என்றேன்.

“கதவுன்னுதாம்மா ஆர்டர்ல இருக்கு. வியாபாரம்னு இல்ல.”

“அப்ப எங்க வாசல்ல மாதா நிக்க வேணாமா?”

அவர் நாணயமாக யோசித்துப் பார்த்தார். “அத பத்தி ஆர்டர்ல ஏனும் இல்லம்மா” என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டுப் போனார்.

கதவைத் திறப்பது என்று அவர் குடை சந்தைத் தாண்டுவதற்குள்ளேயே நான் முடிவு செய்துவிட்டேன். ஒரு விதவையின் வாசலில் மாதா நிற்பதற்காக எந்தச் சர்க்காரும் வழக்குப் போடாது என்று நினைத்தேன். அப்போது எனக்குச் சர்க்காரைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

பாட்டில்கள் மாதா கண்ணில் படக் கூடாது. அவற்றை வீட்டுக்குள் எடுத்துவைத்தால் லைசென்ஸ் இல்லாத இடத்தில் சரக்கு வைத்த குற்றம். அது ரொம்பப் பெரிய குற்றம். ஆகவே என் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து அலமாரிகளின் மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டேன். விற்கிற ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கௌண்டரின் மேல் வெள்ளைத் துணி விரித்து இரண்டு மெழுகுவத்தி ஏற்றினேன். பெண்கள் இருவரும் மாலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடை அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. அன்றாடம் இப்படியே இருந்தால் யாரும் குடிக்க வரமாட்டார்கள் என்றும் தோன்றியது.

பெங்களூர் மழைக்குத் திருவிழாத் தேதி நன்றாகத் தெரியும். சப்பரம் எங்கள் வீதிக்குள் திரும்பியதும் கொட்ட ஆரம்பித்தது. மாதாவுக்குப் புதுப் பட்டு, ஜரிகை முக்காடு, காகிதப் பூ அலங்காரம். முன்கொம்பைச் சுமந்தவர் என் கொழுந்தன். அவர் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். வீதியில் திறந்திருந்த கதவுகள் எல்லாம் ஒரு ஆள் நுழைகிற கதவுகள். சப்பரம் நுழைகிற அகலத்தில் இருந்தது என் கதவு ஒன்றுதான். என் வீட்டுக்காரர் பீப்பாய் உருட்டுவதற்காக அகலமாக வைத்த கதவு அது. கோல் தட்டவில்லை, யாரும் மந்திரம் சொல்லவில்லை, சப்பரம் ஓட்டமாக ஓடிவந்து என் கடைக்குள் நுழைந்துவிட்டது.

மாதாவைத் தரையில் இறக்கக் கூடாது. சப்பரத்தைத் தாங்குகிற உயரத்தில், பலத்தில் உள்ளே இருந்தது கௌண்டர்தான். மெழுகுவத்தியை நகர்த்திவிட்டு அதன் மேலேயே இறக்கினார்கள். சப்பரம் சுமந்தவர்கள், பாட்டுப் பாடுகிற பெண்கள், பின்னால் பங்குச் சாமியார், அவருக்குக் குடை பிடித்தவர் என்று எல்லாரும் உள்ளே வந்து நின்றார்கள். சாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலு பக்கமும் விரிப்புகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மழை நிற்கிற வரைக்கும் ஜெபமாலை சொல்லலாம் என்றார். காற்று அடிக்கும்போதெல்லாம் ஒரு விரிப்பு எழும்பும், ரம் பாட்டில் வரிசை தெரியும், மறுபடி மூடிக்கொள்ளும். ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் ஜனங்கள் அவ்வளவு கவனமாக ஜெபமாலை சொல்லி அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

நடுவில் இன்ஸ்பெக்டர் வந்தார். குடையை மடக்கினார், வாசலில் பூட்ஸைக் கழற்றினார், உள்ளே வந்து மாதாவைப் பார்த்துக் கைகூப்பினார். கண்ணைத் திறந்ததும் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“லைசென்ஸ்தாரர் யாரு?” என்று என்னைக் கேட்டார்.

“நாந்தாங்க. ஜன்னல்ல பேசுவீங்களே.”

“நீங்க உள்ள இருக்கக் கூடாதும்மா.”

“வெளிய மழை.”

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதினார். ஜெபத்துக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று ஒவ்வொரு மந்திரமும் முடிகிற வரை காத்திருந்து காதோடு கேட்டார். மழை விட்டதும் சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கதவை நானே சாத்துகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

தடை செய்த நேரத்தில் கடையைத் திறந்தது, தடை செய்த நேரத்தில் கூட்டத்தை உள்ளே விட்டது, பெண்பிள்ளை கடைக்குள் இருந்தது. இவற்றுக்காக லைசென்ஸை ஏன் நிறுத்தக் கூடாது என்று சம்மன் வந்தது. கூடவே கொழுந்தனுடைய மனுவும் கலெக்டருக்குப் போயிருந்தது என்று தெரிந்தது. ஆண் துணை இல்லாத என்னால் கடையை ஒழுங்காக நடத்த முடியவில்லை, லைசென்ஸைத் தன் பெயருக்குக் கொடுத்தால் குடும்ப கௌரவம் காப்பாற்றப்படும் என்று எழுதியிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் சுவரை இடித்த இடியில் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். கோபம் இறங்கியதும் பயம் வந்தது. எனக்கு வேறு தொழில் தெரியாது, பெண்களுக்கு வேறு சோறு கிடையாது. லைசென்ஸ் போனால் கொழுந்தன் வீட்டுப் பின்கட்டில்தான் போய் நிற்கவேண்டும். அவர் வீட்டில் எவ்வளவு பாத்திரம் விழும் என்று எனக்குத் தெரியும்.

கலெக்டர் கச்சேரியில் விசாரணை நடந்தது. முன்பிருந்த துரை மாற்றலாகிப் போய்ப் புதுத் துரை வந்திருந்தார். அவருக்கு ஜலதோஷம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கைக்குட்டையை எடுப்பார். மொழிபெயர்க்க ஒரு முதலியார் பக்கத்தில் நின்றார். துரை முதலில் இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

“விற்பனை நடந்ததா?”

“இல்லை.”

“உள்ளே இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?”

“ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள்.”

“குடித்துவிட்டா?”

“அதைச் சோதிக்கவில்லை” என்றார் இன்ஸ்பெக்டர். அவர் செய்யாத சோதனையைச் செய்ததாகச் சொல்கிறவர் இல்லை.

அடுத்து கொழுந்தன். கோட்டும் தலைப்பாகையுமாக வந்திருந்தார். கடை ஒழுங்காக இல்லை என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று துரை கேட்கச் சொன்னார்.

“நானே உள்ள இருந்து என் ரெண்டு கண்ணால பாத்தேனுங்க. கதவு தொறந்து கெடந்திச்சி. அண்ணி உள்ளதான் நின்னுக்கினு இருந்தாங்க.”

துரை புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பிப் படித்தார். தடை செய்த நேரத்தில் கடைக்குள் காணப்படுகிற எவரும் அபராதத்துக்கு உள்ளாவார் என்று அங்கே இருந்தது. இன்ஸ்பெக்டர் எழுதிவைத்த பெயர்களைப் படிக்கச் சொன்னார். முதல் பெயர் சாமியார், இரண்டாவது பெயர் என் கொழுந்தன்.

“மழைங்க” என்றார் கொழுந்தன்.

முதலியார் அதை இங்கிலீஷில் சொன்னார். மழையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று துரை சொன்னதாகத் திருப்பிச் சொன்னார். துரை மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அபராதம் என்றால் சாமியாருக்கும் அபராதம். ஜெபம் செய்த சாமியாரைத் தண்டித்த துரை என்று பெயர் வாங்கிக்கொள்ள அவருக்கு விருப்பம் இல்லை என்று நினைக்கிறேன். கடைசியில் தீர்ப்பைச் சொன்னார். அபராதம் யாருக்கும் இல்லை, கொழுந்தனுடைய மனு தள்ளுபடி, என் லைசென்ஸ் புதுப்பிக்கப்படும். ஆனால் ஒரு நிபந்தனை கூடச் சேரும். ஒவ்வொரு வருஷமும் திருவிழாக் கடைசி நாளில் கடைக் கதவை அப்காரி இன்ஸ்பெக்டர் சாத்தி முத்திரை வைப்பார். லைசென்ஸ் உள்ள கட்டடத்தின் வாசலில் எந்தச் சொரூபத்தையும் வரவேற்கக் கூடாது.

வீதிப் பக்கம் வீட்டுக்கு என்று வேறொரு கதவு வைத்துக்கொள்ளலாமா என்று முதலியார் மூலம் கேட்டேன். துரை புத்தகத்தைப் பார்த்தார். லைசென்ஸ் உள்ள கட்டடத்துக்கு வீதியில் ஒரு கதவுக்கு மேல் இருக்கக் கூடாது.

இந்த இடத்தில் முடியாது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து வெளியே நடந்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். போடும்போது மாதாவை நினைக்கவில்லை, பள்ளிக்கூடச் சம்பளத்தைத்தான் நினைத்தேன்.

கச்சேரிப் படியில் கொழுந்தன் காத்துக்கொண்டிருந்தார். தோற்றவர் முகமாக இல்லை.

“அண்ணி, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல. லைசென்ஸ எனக்கு மாத்திக் குடுங்க. கடைய நான் மார்க்கெட்டாண்ட கொண்டுபோயிடறேன். உங்க வாசல் உங்களுக்கு. மாதா நிப்பா, பொண்ணுங்களுக்கும் நல்ல எடம் வரும். மாசாமாசம் உங்களுக்கு ஏதோ குடுத்துடறேன்.”

“ஏதோன்னா?”

“ஏதோதான் அண்ணி.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. கடையை விட்டால் வாசல் எனக்கு, கடையை வைத்துக்கொண்டால் சோறு எனக்கு. மாதா என் வாசலில் வருஷத்துக்கு ஒரு மந்திர நேரம் நிற்பாள். மீதி நேரத்துக்கு இவருடைய ஏதோவில் நாங்கள் மூன்று பேரும் நிற்கவேண்டும். மாதாவும் பிள்ளை பெற்றவள், அவளுக்கு இந்தக் கணக்குப் புரியும் என்று நினைத்தேன். “வேணாம் தம்பி, நீங்க சப்பரத்தப் பாருங்க, நான் கடையப் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு ஜட்கா வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த திருவிழாவிலிருந்து நிபந்தனைப்படி நடந்தது. மத்தியானமே இன்ஸ்பெக்டர் வருவார். கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றுவார். அரக்கு உருக்குவதற்கு ஒரு மெழுகுவத்தியைக் கொண்டுவந்து என் வாசற்படியில் ஏற்றுவார். திருவிழா அன்று என் வாசலில் எரிந்த மெழுகுவத்தி அது ஒன்றுதான். முத்திரையை அழுத்திவிட்டு ஊதி அணைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். “என்ன செய்யறதும்மா” என்பார். அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் நானும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

சாயங்காலம் நான் செங்கல் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வேன். பக்கத்து வீட்டு வாசலில் கோல் தட்டுவது கேட்கும், மந்திரம் கேட்கும், மறுபடி கோல் தட்டும். பிறகு பேண்டு செட் சத்தம் கடைக்கு முன்னால் வந்து, நிற்காமல், அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். முதல் வருஷம் வாய்விட்டு அழுதேன். அடுத்தடுத்த வருஷங்களிலும் அழுதேன், ஆனால் அடுப்பில் ஏதாவது வைத்துக்கொண்டு அழுதேன். மறுநாள் காலையில் சப்பரம் சுமந்தவர்கள் தோள்வலிக்கு மருந்தாக முதல் ஆளாக என் கடைக்கு வருவார்கள். அன்றைக்கு மட்டும் விலையை ஏற்றலாமா என்று வருஷாவருஷம் யோசித்து, ஏற்றாமல் விட்டுவிடுவேன்.

பெரியவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன ஒரு குடும்பம் வீதி முனையோடு திரும்பிப் போனது. மாதா நிற்காத வீடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ பேச ஆரம்பித்தேன். “வுடும்மா, திரும்பிப் போறவன் வந்து என்னா ஆவப் போவுது” என்று சொல்லிவிட்டு அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு என் கோபமும் அவள் அப்பாவின் நிதானமும் வந்திருந்தன. ஆசிரியைப் பயிற்சி முடித்து அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே வேலை பார்த்த ஒருவர் மாதா நிற்பாளா என்று விசாரிக்காமல் அவளைக் கட்டிக்கொண்டார். சின்னவள் யுத்தக் காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தாள். முதல் சம்பளம் வாங்கிய அன்றைக்கே, “இனிமே அந்த உலக்கைய நெல்லு குத்தறதுக்கு வெச்சுக்கோ” என்றாள்.

அந்த வருஷக் கடைசியில் நான் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. கொழுந்தன் மறுபடி மனுப் போட்டார். தண்டில் கடைகளைக் குறைக்கிறார்கள் என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சரக்கை இன்னொரு லைசென்ஸ்தாரர் எடுத்துக்கொண்டார். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போக இன்ஸ்பெக்டரே வந்தார். தலை நரைத்திருந்தது, அவருக்கும் அது கடைசி வருஷம். அந்த மழை நாளுக்குப் பிறகு அப்போதுதான் நாங்கள் இருவரும் கடைக்குள் நின்று பேசினோம். “இனி கதவு உங்க இஷ்டம்மா” என்றார். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடித்தார்.

அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அடைத்திருந்த நடுக்கதவை உடைத்துத் திறந்தேன். திருவிழாக் கடைசி நாள் மத்தியானத்திலிருந்தே வீதிக் கதவைத் திறந்துவைத்து, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, மாலையோடு வாசற்படியில் நின்றேன். பெண்கள் இருவரும் வந்திருந்தார்கள்.

சப்பரம் வந்தது. சுமந்தவர்கள் எல்லாரும் புதுப் பையன்கள். கொழுந்தனுக்குச் சுமக்கிற வயது தாண்டிவிட்டது, பக்கத்தில் ஜெபமாலையோடு நடந்து வந்தார். பக்கத்து வீட்டில் கோல் தட்டியது, நின்றது, நகர்ந்தது. என் வாசலுக்கு நேராக வந்தது. முன்கொம்பில் இருந்த பையன் என்னையும் மெழுகுவத்தியையும் பார்த்தான். கோலைத் தட்டாமல் நடந்தான். அவன் சப்பரம் சுமக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வாசலில் நின்றதில்லை. அவன் கால்கள் பழகிய மாதிரி போயின. கொழுந்தன் என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு அடுத்த மணியை உருட்டினார்.

லைசென்ஸ் இருந்த காலமாக இருந்தால் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்திருப்பேன். நான் படியிறங்கி வீதிக்கு நடுவில் போய்ச் சப்பரத்துக்கு முன்னால் நின்றேன். பையன்கள் நின்றார்கள். பின்னால் வந்த பேண்டு செட்டுக்கு நிற்பது தெரியவில்லை, பெரிய மேளக்காரர் பின்கொம்பில் வந்து முட்டிக்கொண்டார்.

“இங்க நிக்கறது இல்லீங்களே அம்மா” என்றான் பையன்.

“இன்னைக்கி நிக்கும். பின்னால வாங்க” என்றேன்.

அவன் திரும்பிச் சாமியாரைப் பார்த்தான். புதுச் சாமியார், அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. மெழுகுவத்தி எரிகிறதே என்றார். சப்பரத்தை அப்படியே பின்னோக்கி என் வாசல் வரைக்கும் கொண்டுவந்து கோலைத் தட்டினான். நான் மாலையைப் போட்டேன். போட்ட அவசரத்தில் அது மாதாவின் ஒரு தோளில் மட்டும் தொங்கியது. பெரியவள் எட்டிச் சரிசெய்யப் போனாள், வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் மந்திரம் சொன்னார்கள். கொழுந்தனும் சொன்னார். முடிந்ததும் பையன் கோலைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், சொன்னார்கள்.